ஒரு பெயாரிங் தாங்கி, ஐந்து மென்பொருள்கள்

"அண்ணா, எதைப் படிச்சா நல்லம்? ஓட்டோகாட்டா, சொலிட்வேர்க்ஸா?"

உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளும் தொழில்நுட்பக் கல்லூரியில் படிப்பவர்களும் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் மாலை வேளைகளில் ஐந்தாறு பேருக்குப் பொறியியல் வரைதல் சொல்லிக் கொடுக்கிறேன். பகலில் லேத் பட்டறைகளுக்கும், வீட்டுப் படம் கேட்டு வருபவர்களுக்கும் வரைகிறேன். வாயால் பதில் சொல்வதைவிட, ஒரே இயந்திரத் துண்டை, கணினியில் பொறியியல் படம் வரையும் ஐந்து மென்பொருள்களிலும் வரைந்து பார்த்துவிட்டுச் சொன்னால் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்று தோன்றியது.

எடுத்துக்கொண்ட துண்டு மிகவும் சாதாரணமானது. வெங்காயத் தோட்டத்துக்கு நீர் இறைக்கும் பம்பியை பெல்ற் போட்டு ஓட்டுகிறார்களே, அதில் கப்பி சுழலும் தண்டை, அதாவது சாஃப்டை, பிடித்திருக்கும் பெயாரிங் தாங்கி. கீழே ஒரு தகடு, இரண்டு பக்கமும் எம்12 (12 மில்லிமீற்றர்) போல்ட் துளைகள், நடுவில் பெயாரிங் உட்காரும் வட்டம். 25 மில்லிமீற்றர் சாஃப்டுக்கு 6205 இலக்கப் பெயாரிங். அதன் வெளிவிட்டம் 52, அகலம் 15.

வரைந்து முடிப்பது சோதனையின் பாதிதான். தோட்டக்காரர் வந்து, "சாஃப்ட் வளையுது தம்பி, 30 போடுவம்" என்று சொன்னால் என்ன ஆகும் என்பதே மறுபாதி. 30க்குப் போனால் பெயாரிங் 6206 ஆகும். வெளிவிட்டம் 62, அகலம் 16. இந்த மாற்றத்தை ஒவ்வொரு மென்பொருளும் எப்படித் தாங்குகிறது என்று பார்த்தேன்.

முதலில் ஓட்டோகாட். 1982இல் வந்தது. இன்றும் நம் ஊரில் வரைதல் என்றாலே பலருக்கு இதன் பெயர்தான் நினைவுக்கு வரும். முன், மேல், பக்கம் என மூன்று தோற்றங்களையும் கோடு கோடாக வரைந்தேன். கை பழகியிருந்ததால் வேகமாக முடிந்தது. ஆனால் 52ஐ 62 ஆக்கும்போது முன் தோற்றத்தில் வட்டம் மட்டும்தான் மாறியது. மேல் தோற்றத்தில், உள்ளே மறைந்திருப்பதைக் காட்டும் மறைகோடுகள் பழைய இடத்திலேயே நின்றன. அவற்றையும் பக்கத் தோற்றத்தையும் தனித்தனியாக இழுத்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது. தட்டையாக வரையும்போது மூன்று படங்களும் ஒரே பொருளுடையவை என்பது அந்த மென்பொருளுக்குத் தெரியாது. 2010 பதிப்பிலிருந்து, கோடுகள் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்த வேண்டும் என்று கட்டுப்பாடு போடும் வசதி அதில் இருக்கிறது, முப்பரிமாணமும் இருக்கிறது. ஆனாலும் இயந்திரத் துண்டுக்கு அந்த வழியாகப் போவது சுற்றுப்பாதைதான்.

இதை வைத்து ஓட்டோகாட்டை ஒதுக்கிவிடாதீர்கள். இரண்டு பரப்புக் காணியில் வீடு கட்டப் பிரதேச சபைக்குப் படம் கொடுக்க வேண்டுமென்றால் நானும் அதைத்தான் திறக்கிறேன். சுவர், கதவு, மலசலகூடக் குழாய், மின்கம்பி எல்லாவற்றையும் வேறுவேறு லேயரில், அதாவது அடுக்கில், வைத்து, வேண்டியதை மட்டும் காட்டி, தாளில் சரியான அளவுத்திட்டத்தில் இறக்குவதற்கு அதை விடச் சுகமான ஒன்றை நான் பார்க்கவில்லை. கற்கும் உத்தி என்று கேட்டால் ஒன்றே சொல்வேன்: இடது கையை விசைப்பலகையிலிருந்து எடுக்காதீர்கள். கோட்டுக்கு எல், வெட்டுவதற்கு டிஆர், இணைகோட்டுக்கு ஓ, எண்டருக்குப் பதில் ஸ்பேஸ் பார். ஐகானைத் தேடித் தேடி அழுத்திப் பழகியவர் ஆறு மாதம் கழித்தும் மெதுவாகத்தான் வரைவார். இன்னொன்று, மேசன் அடியில் பேசுவார், நீங்கள் மீற்றரில் வரைவீர்கள். முதல் கோட்டுக்கு முன்பே அலகை முடிவு செய்துவிடுங்கள்.

சொலிட்வேர்க்ஸ் 1995இல் வந்தது. ஜோன் ஹிர்ஷ்டிக் என்பவர் தொடங்கிய நிறுவனம். 1997இல் பிரான்சின் டசோ சிஸ்டம்ஸ் அதை வாங்கியது. இங்கே நீங்கள் படம் வரைவதில்லை, பொருளைக் கட்டுகிறீர்கள். படம் அதிலிருந்து பிறகு தானாக வருகிறது. 52ஐ இரட்டைச் சொடுக்கி 62 என்று தட்டினேன். துண்டும் மூன்று தோற்றங்களும் மாறின. அப்புறம் உற்றுப் பார்த்தால் ஒரு சிக்கல். பெயாரிங் வட்டத்தைச் சுற்றியுள்ள உடலின் விட்டம் 72இலிருந்து 82 ஆகியிருந்தது. போல்ட் துளைகளின் இடைவெளியை நான் வெறும் 100 என்று கொடுத்திருந்ததால் அது அப்படியே நின்றது. உடலின் விளிம்புக்கும் துளை மையத்துக்கும் நடுவே 9 மில்லிமீற்றர்தான் மீதி. எம்12 போல்டின் தலை இடித்துக்கொள்ளும்.

இந்த இடத்தைத்தான் பிள்ளைகளுக்கு நிறுத்தி நிதானமாகக் காட்டுகிறேன். 100 என்ற எண் எங்கிருந்து வந்தது? உடலின் 72உடன், ஸ்பானர் போக இரண்டு பக்கமும் 14, 14 சேர்த்தது. அப்படியானால் மென்பொருளுக்கு 100 என்று சொல்லக் கூடாது. "உடல் விட்டம் கூட்டல் 28" என்று சமன்பாடாகக் கொடுக்க வேண்டும். அதைப் போட்ட பிறகு 62 என்று தட்டியதும் இடைவெளி 110 ஆகத் தானே விரிந்தது. ஒரு அளவு ஏன் அந்த அளவாக இருக்கிறது என்ற காரணத்தை மாதிரிக்குள்ளேயே எழுதி வைப்பதுதான் இந்த வகை மென்பொருள்களின் உயிர். பொத்தான்கள் எங்கே இருக்கின்றன என்பதை இரண்டு வாரத்தில் யாரும் பிடித்துவிடலாம். இதைப் பிடிக்க மாதங்கள் எடுக்கும். ஆனால் ஒருமுறை பிடித்தால் எந்த மென்பொருளுக்கும் கூடவே வரும்.

சொலிட்வேர்க்ஸின் குறைகளும் நமக்கு நேரடியாக உறைப்பவை. விண்டோஸில் மட்டும்தான் ஓடும். பழைய மடிக்கணினியில், பல துண்டுகளைப் பொருத்திய பெரிய அசெம்பிளியைத் திறந்தால் தேநீர் குடித்துவிட்டு வரலாம். 16 ஜிபி நினைவகமாவது வேண்டும். நெடுங்காலமாக இன்னொரு தொல்லையும் இருந்தது: புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது. 2024 பதிப்பில், முந்தைய இரண்டு பதிப்புகள் வரை பின்னோக்கிச் சேமிக்கும் வசதி வந்தது. வீட்டில் ஒரு பதிப்பும் கல்லூரியில் ஒரு பதிப்பும் வைத்திருக்கும் மாணவருக்கு, அண்மையில் வந்த வசதிகளில் இதுவே பெரியது என்பேன். மாணவர் பதிப்பில் அச்சிட்டால் கல்விக்கு மட்டும் என்ற அடையாளம் தாளில் விழும் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஃபியூஷன் 2013இல் வந்தது. பெயரோடு ஒட்டியிருந்த 360, 2024இல் விழுந்துவிட்டது. துண்டை வரைவதும் மாற்றுவதும் ஏறக்குறைய சொலிட்வேர்க்ஸ் போலவே. கணினி ஓட்டும் வெட்டு இயந்திரமான சிஎன்சிக்குரிய வெட்டுப் பாதையும் அதே திரையில் கிடைப்பது இதன் பெரிய பலம். மாணவர் என்று நிரூபித்தால் இலவசம், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தனிப்பட்ட பயன்பாட்டுக்கான இலவச உரிமத்தில் ஒரே நேரத்தில் 10 ஆவணங்கள்தான் திருத்தக்கூடிய நிலையில் இருக்கும், தொழிலுக்கும் பயன்படுத்த முடியாது. இணையம் இல்லாமல் இரண்டு வாரம் வரை ஓடும்.

ஒன்ஷேப் இணைய உலாவியிலேயே ஓடுகிறது. சொலிட்வேர்க்ஸைத் தொடங்கிய அதே ஹிர்ஷ்டிக் தன் கூட்டாளிகளுடன் 2012இல் தொடங்கியது. 2019இல் பிடிசி நிறுவனம் வாங்கியது. அதில் சேமிக்கும் பொத்தானே இல்லை. செய்த ஒவ்வொரு அடியும் அந்தந்தக் கணத்திலேயே பதிவாகிவிடும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றதே, அந்த நாட்களில் வரைந்தவர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும். கரண்ட் போய் வந்த பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நல்ல கணினி இல்லாத பிள்ளை டப்லெட்டில்கூடப் பழகலாம். ஆனால் இலவசக் கணக்கில் செய்வதெல்லாம் எல்லோருக்கும் திறந்திருக்கும். பட்டறைக்காரர் நம்பித் தந்த துண்டை அங்கே வரைய எனக்கு மனம் வரவில்லை. பயிற்சித் துண்டுகளுக்கு அது பிரச்சினை இல்லை.

இனி ஃப்ரீகாட். இதைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் நம் ஊரில் இதற்குக் கிடைக்கும் மதிப்புக் குறைவு.

2002இல் தொடங்கிய, யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூலத் திட்டம் இது. பல ஆண்டுகள் இதற்கு ஒரு தீராத நோய் இருந்தது. ஒரு பொருளின் முகங்களுக்கு அது உள்ளே "முகம் 6", "முகம் 7" என்று இலக்கம் கொடுத்து வைத்திருக்கும். நீங்கள் ஆறாவது முகத்தின் மேல் ஒரு துளை போட்டிருப்பீர்கள். பிறகு பொருளுக்கு அடிப்படையான தட்டைப் படத்தில், அதாவது ஆரம்ப ஸ்கெட்சில், ஒரு கோட்டைக் கூட்டினால் இலக்கங்கள் மாறிவிடும். துளை வேறு பக்கத்துக்குத் தாவும், அல்லது முழு மாதிரியும் சிவப்பு அடையாளத்தோடு உடைந்து நிற்கும். பழகத் தொடங்கிய பலர் இந்த இடத்தில்தான் விட்டுவிட்டுப் போனார்கள். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் இதற்குப் பெருமளவு தீர்வு கிடைத்துவிட்டது. முன்பு தனித்தனி இணைப்புகளாகத் தேடிப் போட வேண்டியிருந்த அசெம்பிளியும் அதே பதிப்பில் உள்ளேயே வந்தது.

தாங்கியை ஃப்ரீகாட்டில் கட்டும்போது அளவுகளை அதன் விரிதாளில் எழுதினேன். ஒரு கட்டத்தில் பெயாரிங் விட்டம் 52. அடுத்ததில் உடல் விட்டம், அதாவது அந்த 52உடன் 20. அதற்கு அடுத்ததில் போல்ட் இடைவெளி, உடலோடு 28. ஸ்கெட்சின் அளவுகள் எல்லாம் அந்தக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். மாற்றும் நேரம் வந்தபோது இரண்டு கட்டங்களில் இரண்டு எண்களை மட்டும் தட்டினேன், 62, 16. மொத்தத் துண்டும் அமைதியாக மாறியது. ஐந்திலும் எனக்கு மிகப் பிடித்த மாற்றம் இதுதான். காரணங்கள் எல்லாம் ஒரு பட்டியலாகக் கண்முன்னே கிடப்பதால் கற்பவருக்கும் அது நல்ல பழக்கம்.

கஷ்டங்களையும் மறைக்கக் கூடாது. சிக்கலான ஓரங்களை உருட்டச் சொன்னால் சில வேளை மறுத்துவிடும். ஒவ்வொரு வேலைக்கும் வேர்க்பெஞ்ச் எனப்படும் ஒவ்வொரு கருவித் தொகுதிக்கு மாறுவது முதல் வாரத்தில் குழப்பும். யூடியூபில் கிடைக்கும் பாடங்களில் பல பழைய பதிப்புக்கானவை, திரை வேறு மாதிரி இருக்கும். தமிழில் ஓட்டோகாட்டுக்கும் சொலிட்வேர்க்ஸுக்கும் கிடைக்குமளவு பாடங்கள் இதற்கு இல்லை. 1.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் செய்யப்பட்ட பாடம்தானா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

கற்கும் முறை பற்றிச் சில வார்த்தைகள். ஸ்கெட்ச் முழுதாகக் கட்டுப்படும்வரை அதை விட்டு வெளியே வராதீர்கள். சொலிட்வேர்க்ஸில் நீலக் கோடு கறுப்பாகும், ஃப்ரீகாட்டில் பச்சையாகும். அதற்கு முன் கோட்டைச் சுட்டியால் இழுத்துப் பாருங்கள். எது நகர்கிறதோ அதற்கு இன்னும் காரணம் சொல்லவில்லை என்று பொருள். ஃபியூஷனில் இப்போது இந்தக் கட்டுப்பாடுகளைத் தானே போட்டுத் தரும் வசதி வந்திருக்கிறது. ஓட்டோகாட் 2024இலும், ஒரு கதவை முன்பு எங்கெங்கே வைத்தீர்கள் என்று பார்த்து அடுத்ததற்கு இடம் காட்டும் வசதி வந்தது. வேலை செய்பவருக்கு இரண்டும் நேரம் மிச்சம். ஆனால் என் வகுப்பில் முதல் மூன்று மாதம் அவற்றைத் தொட விடுவதில்லை. எந்தக் கட்டுப்பாடு ஏன் வேண்டும் என்று தெரியாதவருக்கு, மென்பொருள் போட்டது சரியா பிழையா என்றும் தெரியாது.

இன்னொன்றை நான் பட்டு அறிந்தேன். ஒருமுறை பட்டறைக்குக் கொடுத்த படத்தில் பக்கத் தோற்றம் மூன்றாம் கோண முறையில் இறங்கியிருந்தது. இங்கே பள்ளியிலிருந்தே முதற்கோண முறையில்தான் படித்திருக்கிறோம். இரண்டு முறைகளிலும் பக்கத் தோற்றம் எதிரெதிர்ப் பக்கத்தில் வரும். லேத்காரர் தான் பழகியபடி வாசித்தார். படி வெட்ட வேண்டிய பக்கத்துக்கு மறுபக்கத்தில் வெட்டினார். நல்ல உருக்குத் துண்டு ஒன்று வீணாயிற்று. மென்பொருளின் தாள் வார்ப்புருவில் எந்த முறை இருக்கிறது என்று பார்க்காதது என் பிழை. எந்த முறை என்று காட்ட மூலையில் இருக்கும் அந்தச் சிறிய வெட்டுக்கூம்புக் குறியை இன்று எந்தப் படத்திலும் முதலில் பார்க்கிறேன்.

சரி, உரிமம். ஓட்டோகாட்டின் ஆண்டுச் சந்தா அமெரிக்க விலையில் ஏறத்தாழ 2000 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தாலும் 6 இலட்சம். மாணவராக இருக்கும்வரை இது தெரியாது, இலவச உரிமம் அதை மறைத்துவிடும். படிப்பு முடிந்து சொந்தமாகத் தொழில் தொடங்கும் நாளில்தான் உறைக்கும். களவுப் பிரதியை வைத்துத் தொழில் நடத்துவதை நான் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. பிடிபடும் பயத்தைவிட, அதோடு சேர்ந்து என்ன கணினிக்குள் வருகிறது என்று தெரியாத பயம் பெரிது.

ஆகவே யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்து என் பதில் மாறும். கட்டடப் படம்தான் தொழில் என்றால் ஓட்டோகாட், யோசிக்கவே வேண்டாம். கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடத்துக்குப் போகப்போகும் பிள்ளை, மாணவர் உரிமம் கிடைக்கும் காலத்திலேயே சொலிட்வேர்க்ஸைப் பழகட்டும், வெளியூர் வேலைக்கு அந்தப் பெயர் உதவும். கணினி பழையது, இணையம் நன்றாக இருக்கிறது என்றால் ஒன்ஷேப். சிஎன்சி பக்கம் கண் இருந்தால் ஃபியூஷன். இங்கேயே பட்டறை வைத்து, தோட்டக்காரருக்கும் படகுக்காரருக்கும் துண்டு செய்து கொடுக்க நினைப்பவர் ஃப்ரீகாட்டில் தொடங்கட்டும். யாருக்கும் சந்தா கட்டாமல், வரைந்தது முழுவதும் அவருடைய கையிலேயே இருக்கும். சொலிட்வேர்க்ஸ், ஃபியூஷன், ஒன்ஷேப், ஃப்ரீகாட் எதில் வரைந்தாலும், பொதுக் கோப்பு வடிவமான ஸ்டெப்பில் ஒரு பிரதியைத் தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த முப்பரிமாண மென்பொருள்கள் எல்லாமே அதைத் திறக்கும்.

என் அடுத்த வகுப்பை ஃப்ரீகாட்டில்தான் தொடங்கப் போகிறேன். முதல் நாள் கணினியைத் திறப்பதில்லை. ஆளுக்கொரு பழைய தாங்கி, அளந்து பார்க்க ஒரு வேர்னியர், ஒரு தாள், ஒரு பென்சில்.