கீழடியா, புதுக்கோட்டையா, கானாடுகாத்தானா? பள்ளிச் சுற்றுலா பற்றி ஓர் அலசல்

காரைக்குடி வட்டாரப் பள்ளிகளின் வரலாற்றுச் சுற்றுலாவுக்கு ஓர் அச்சு இருக்கிறது. விடியுமுன் பஸ் கிளம்பும். கீழடி, காந்தி அருங்காட்சியகம், திருமலை நாயக்கர் மகால், அழகர்கோவில் என்று எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிட வேண்டும். அருங்காட்சியகத்துக்குள் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக வரிசையில் நடக்கிறார்கள். நின்று பார்க்கும் பிள்ளையை "நகரு, நகரு" என்று நாமே விரட்டுகிறோம். இதற்காக ஒரு நாள் வகுப்பையும் பெற்றோரின் பணத்தையும் செலவிடுவது எனக்குச் சம்மதமில்லை. சுற்றுலா வேண்டும், ஆனால் ஒரு நாளுக்கு ஓர் இடம் போதும். எந்த இடம் என்பதுதான் கேள்வி.

முதலில் கீழடி. 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட இந்த அருங்காட்சியகத்தைச் செட்டிநாட்டுக் கட்டடப் பாணியிலேயே கட்டியிருக்கிறார்கள். தூண்களையும் முற்றத்தையும் பார்த்ததும் நம் பிள்ளைகளுக்கு அந்நியமாகத் தோன்றாது. உள்ளே தக்களி, பகடைக்காய், வட்டச் சில்லு, 'ஆதன்' என்று தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடு எல்லாம் இருக்கின்றன. அரசனின் வாளையோ கிரீடத்தையோ எதிர்பார்த்து வரும் பிள்ளைக்கு, சாதாரண மனிதர்களும் வரலாற்றில் இருக்கிறார்கள் என்று இந்த ஓடு காட்டிவிடும். இன்னொன்றும் இங்கே கற்பிக்கலாம்: காலத்தை எப்படிக் கணிக்கிறார்கள்? 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரித்துண்டு கரிமப் பகுப்பாய்வில் கி.மு. 580 என்று காட்டியது. ஒரு கரித்துண்டு எப்படி ஆண்டு சொல்கிறது என்பதை முந்தைய வாரமே வகுப்பில் விளக்கிவிட்டுப் போனால், பிள்ளைகள் அங்கே கேள்வி கேட்பார்கள். விளக்காமல் போனால் கண்ணாடிக்குப் பின்னால் மண்ணோடுகளைத்தான் பார்ப்பார்கள். அதனால் கீழடிக்கு ஒரு முழு நாள் வேண்டும், மகாலும் அழகர்கோவிலும் சேராத நாள்.

புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் உள்ள அருங்காட்சியகம் 1910இல் தொடங்கியது. சமஸ்தானம் அடித்த அம்மன் காசு, செப்புத் திருமேனிகள், கல்வெட்டுகள், பாடம் செய்த விலங்குகள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. பயணம் குறைவு, வழியில் 1687இல் கட்டிய திருமயம் கோட்டையும் உண்டு. ஆனால் எல்லாத் துறையும் கலந்திருப்பதால் சிறு வகுப்புகளுக்குப் பொருந்துகிற அளவு பெரிய வகுப்புகளுக்குப் பொருந்தாது. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதைத் தேதி குறிக்குமுன் நினைவில் வைக்க வேண்டும்.

நான் முதலிடம் கொடுப்பது கானாடுகாத்தானின் செட்டிநாட்டு வீடுகளுக்கும் ஆத்தங்குடியின் தரைக்கல் பட்டறைகளுக்கும்தான். "தினமும் பார்க்கிற வீடுதானே" என்று பெற்றோர் சொல்வார்கள். தினமும் பார்ப்பதால்தான் யாரும் கேட்பதில்லை. வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், நிற்கும் தேக்குத்தூண் பர்மாவிலிருந்து ஏன் வந்தது? சலவைக்கல் இத்தாலியிலிருந்து வரும் அளவுக்குப் பணம் எங்கே சம்பாதித்தது? இந்த இரண்டு கேள்விகளும் பிள்ளைகளை ரங்கூனுக்கு இழுத்துப் போகும். அங்கே நம் வட்டாரத்து நகரத்தார் நடத்திய வட்டிக்கடைகளில், கடைநிலையில் பெட்டியடிப் பையன், அவனுக்கு மேலே அடுத்தாள், தலைமையில் ஏஜெண்டு என்று படிநிலை இருந்தது. பெட்டியடிப் பையன்களில் பலர் நம் மாணவர்களின் வயதினர். தன் வயதுப் பையன் கப்பலேறியதைக் கேட்கும்போது எட்டாம் வகுப்புப் பிள்ளை நிமிர்ந்து உட்காரும்.

கதையின் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது, கடனைக் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நகரத்தார் கையில் 1930இல் 6 சதவீதமாக இருந்த நிலம், 1938க்குள் 25 சதவீதமாகிவிட்டது. பிறகு 1942இல் ஜப்பானியப் படையெடுப்பு. உயிர் தப்பப் பலர் கால்நடையாகவே இந்தியா திரும்பினார்கள். பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கும் இதற்கும் உள்ள தொடர்பைப் பிள்ளைகளே பேசிக் கண்டுபிடிக்கட்டும். பெருமை மட்டும் சொல்லி அனுப்பினால் அது வரலாற்றுப் பாடமாகாது.

பிற்பகலில் ஆத்தங்குடிப் பட்டறை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றுகிறார்கள், மேலே சிமெண்டும் மணலும் போட்டு அழுத்துகிறார்கள், பிறகு தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். சூளையே கிடையாது. கண்ணாடியிலிருந்துதான் அந்த வழவழப்பு வருகிறது. பர்மாத் தேக்கு கப்பலில் வந்தது, காலடியில் இருக்கும் கல் இந்த ஊர்க் கைகளில் பிறந்தது என்பதை ஒரே நாளில் கண்ணால் பார்த்துவிடலாம். செய்கிறவரிடம் நேரடியாகக் கேட்கவும் முடியும், இது எந்த அருங்காட்சியகத்திலும் கிடைக்காத வசதி.

குறையும் உண்டு. எல்லா வீடும் திறந்திருப்பதில்லை, முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். விளக்கப்பலகை கிடையாது, ஆகவே ஆசிரியர் படித்துவிட்டுத்தான் போக வேண்டும். ஒரே நேரத்தில் ஒரு வகுப்புக்கு மேல் அழைத்துப் போனால் பட்டறையில் நிற்க இடமிருக்காது.

என் பரிந்துரை இதுதான்: ஆறாம், ஏழாம் வகுப்புக்குத் திருமயமும் புதுக்கோட்டையும். எட்டாம் வகுப்புக்குக் கானாடுகாத்தான், ஆத்தங்குடி. ஒன்பதாம் வகுப்புக்குக் கீழடி மட்டும். பஸ் வாடகையில் மிச்சமாகும் பணத்தை, கட்டணம் கட்ட முடியாமல் வீட்டில் தங்கிவிடும் பிள்ளைகளுக்குச் செலவிடலாம்.