மண்ணுக்கடியில் அலையின் வேகம்: மூன்று வழிகள், ஒரு கிணறு

எண்ணெய் தேடும்போது மேலே அதிர்வு எழுப்பி, அடியிலுள்ள பாறைகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கருவிகளில் பிடிப்பதுதான் சீஸ்மிக் பதிவு. அலை கீழே போய்த் திரும்பி வர 2 விநாடி ஆனது என்று அது சொல்லும். அலை பட்டுத் திரும்பிய பாறை எத்தனை மீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்று சொல்லாது. சராசரி வேகம் விநாடிக்கு 2,000 மீட்டர் என்று எடுத்தால் ஆழம் 2,000 மீட்டர். 2,100 என்று எடுத்தால் ஆழமும் 2,100. கிணறு தோண்டுகிறவருக்கு இந்த 100 மீட்டர் சின்ன விஷயமில்லை. ஆழம் மட்டுமல்ல, படத்தில் அடுக்குகள் எந்தப் பக்கம் சாய்கின்றன, பிளவு எங்கே ஓடுகிறது என்பதும் அந்த வேகத்தைப் பொறுத்தே மாறும். அதனால்தான் எந்த வழியில் வேகத்தைக் கணக்கிடுவது என்று எங்கள் தொழிலில் இவ்வளவு விவாதம்.

முதல் வழி பழையது, செம்ப்ளன்ஸ்: எந்த வேகத்தை வைத்தால் எல்லாக் கருவிகளின் எதிரொலியும் ஒத்துப்போகிறது என்று பார்ப்பது. வெடி வைத்த இடத்திலிருந்து தள்ளித் தள்ளி இருக்கும் கருவிகளுக்கு எதிரொலி தாமதமாக வரும். தூரம் கூடக்கூடத் தாமதமும் கூடி, பதிவில் ஒரு வளைகோடாகத் தெரியும். அந்த வளைவின் அளவில்தான் வேகம் ஒளிந்திருக்கிறது. திரையில் இடது பக்கம் ஒரு வண்ணப் படம்: மேலிருந்து கீழே நேரம், குறுக்கே வேகம், நடுவே நன்றாக ஒத்துப்போகும் இடங்களில் சிவப்புத் திட்டுகள். திட்டின் நடுவில் கிளிக் செய்தால் வலது பக்கத்தில் வளைந்திருந்த எதிரொலி நிமிர்ந்து நேராகப் படுக்கும். வேகத்தைக் குறைத்து வைத்தால் தூரக் கருவிகளின் பக்கம் மேலே சுருண்டு ஏறும். கூட்டி வைத்தால் கீழே தொங்கும். பல வருடம் பார்த்தும் அது தட்டையாக விழும் கணம் எனக்கு இன்னும் சலிக்கவில்லை.

ஆனால் இப்படிக் கிடைப்பது மேலிருந்து அந்த எதிரொலி வரைக்குமான ஒரு வகைச் சராசரி. ஒவ்வொரு அடுக்குக்கும் தனித்தனி வேகம் வேண்டுமென்றால் 1955-இல் புவி இயற்பியலாளர் டிக்ஸ் வெளியிட்ட சூத்திரத்தைப் போட வேண்டும். சிக்கல் அங்கேதான். 2.0 விநாடியில் சராசரி 2,000 மீட்டர், 2.1 விநாடியில் 2,040 என்று குறித்தால், இடையில் உள்ள மெல்லிய அடுக்கின் வேகம் சுமார் 2,720 என்று வரும். இரண்டாவது குறியை 2,080-இல் வைத்துவிட்டோம் என்று வையுங்கள். சிவப்புத் திட்டின் அகலத்துக்குள்ளேயே அடங்கும் பிழை இது. விடையோ சுமார் 3,295 என்று தாவிவிடும். குறியில் 40 தப்பினால் விடையில் 575 தப்புகிறது. அடுக்குகள் ஏறக்குறையத் தட்டையாக உள்ள இடத்தில் முதல் பார்வைக்கு இந்த வழி போதும், செலவும் குறைவு. மெல்லிய அடுக்கையும் சரிவான அடுக்கையும் இதை நம்பி ஆழத்தில் வரையக் கூடாது.

இரண்டாவது வழி டோமோகிராஃபி. முதலில் ஒரு வேக மாதிரியை வைத்துப் படத்தை ஆழத்தில் உருவாக்குகிறோம். எதிரொலிகள் எங்கே தட்டையாக விழவில்லை, எவ்வளவு வளைந்திருக்கின்றன என்று அளக்கிறோம். அந்த மிச்சப் பிழையை அலை வந்த பாதை நெடுகப் பகிர்ந்துகொடுத்து மாதிரியைத் திருத்துகிறோம். அப்புறம் மறுபடியும் படம், மறுபடியும் அளவு. பக்கத்து அடுக்குகள் எல்லாம் சேர்ந்து விடையைத் தாங்குவதால் ஒரு தவறான குறி முழுக் கணக்கையும் கவிழ்ப்பதில்லை. அன்றாட வேலைக்கு நான் கேட்பது இதைத்தான். குறை என்னவென்றால், விடை மழமழவென்று வரும். சிறு வாயுப் பை, மண்ணுக்கடியில் புதைந்த குறுகலான கால்வாய் எல்லாம் அதில் கரைந்துவிடும். மெக்சிகோ வளைகுடாவில் உள்ளதுபோல விநாடிக்கு ஏறக்குறைய 4,500 மீட்டர் வேகமுள்ள உப்புப் பாறை நடுவே நுழைந்திருந்தால், அதன் அடியில் அளக்கத் தெளிவான எதிரொலியே கிடைப்பதில்லை. அங்கே உப்பின் எல்லையை மனிதக் கண்தான் வரைந்துகொடுக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது ஃபுல் வேவ்ஃபார்ம் இன்வெர்ஷன், சுருக்கமாக எஃப்.டபிள்யூ.ஐ. 1983, 1984-இல் லாய், டாரன்டோலா என்ற ஆய்வாளர்களின் கட்டுரைகளில் பிறந்த எண்ணம். கணினி அதற்கு ஈடுகொடுக்கப் பல வருடம் பிடித்தது. வந்துசேர்ந்த நேரத்தை மட்டும் பார்க்காமல் அலையின் முழு வடிவத்தையும் கணினியில் உருவாக்கி, பதிவோடு ஒப்பிட்டு, வித்தியாசம் குறையும்வரை மாதிரியை மாற்றுவது. இதன் ஆபத்தை ஒரு கணக்கில் காட்டலாம். 6 கிலோமீட்டர் தூரம், உண்மை வேகம் 2,000, நம் தொடக்க மாதிரி 2,100. அலை 143 மில்லிவிநாடி முந்தி வரும். 3 ஹெர்ட்ஸ் அலையில் அரைச் சுற்று 167 மில்லிவிநாடி. பிழை அதற்குள் அடங்குவதால் கணக்கு சரியான பக்கம் நகரும். பதிவில் 10 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றுமே இல்லையென்றால் அரைச் சுற்று வெறும் 50 மில்லிவிநாடி. பிழை அதைத் தாண்டுவதால் கணக்கு ஒரு முகட்டை அடுத்த முகட்டோடு சேர்த்துவிடும். சட்டைப் பொத்தானை ஒரு துளை தள்ளிப் போட்ட மாதிரி, கடைசிவரை எல்லாம் பொருந்துவதுபோலவே போகும்.

தாழ்ந்த அதிர்வெண் கிடைத்தபோது என்ன நடந்தது என்பதற்கு வட கடலில் நார்வே பகுதியிலுள்ள வால்ஹால் எண்ணெய் வயல் நல்ல சாட்சி. அங்கே எண்ணெய் இருக்கும் சுண்ணப்பாறைக்கு மேலே வாயு கசிந்து பரவியிருக்கிறது. வாயு அலையை மந்தப்படுத்தும். அடியில் உள்ள அடுக்கு நேரப் படத்தில் தொய்ந்தும் மங்கியும் தெரியும். 2003-இல் கடல் தரையில் நிரந்தரமாகவே கருவிக் கேபிள்களைப் பதித்தார்கள். அந்தப் பதிவுகளில் 3.5 முதல் 7 ஹெர்ட்ஸ் வரை மட்டும் எடுத்து எஃப்.டபிள்யூ.ஐ. செய்து 2010 வாக்கில் வெளியிட்ட படத்தில், மேல்பகுதியின் பழங்காலக் கால்வாய்கள் வளைந்து வளைந்து தெரிந்தன. வாயு மேகத்தின் ஓரங்கள்கூடக் கிளை கிளையாகப் பிரிந்தன. வேக மாதிரியே ஒரு படமாகிவிட்டது. டோமோகிராஃபி அப்படி ஒன்றை எந்நாளும் தந்திருக்காது. 2017-இல் மெக்சிகோ வளைகுடாவின் அட்லாண்டிஸ் வயலில் கூடுதலாக 20 கோடி பீப்பாய்க்கு மேல் எண்ணெய் வளம் கண்டதாக பிபி நிறுவனம் அறிவித்ததும் இந்த வழியை வைத்துத்தான்.

இந்த மூன்றையும் சோதிக்கக் கிணறு வேண்டும். கருவியைக் கிணற்றுக்குள் இறக்கி, மேலே அதிர்வு எழுப்பி, நேராக வந்துசேரும் நேரத்தை அளந்தால் அந்த ஓர் இடத்தில் ஐயத்துக்கே இடமில்லை. நூறு மீட்டர் தள்ளி என்ன என்று மட்டும் அது சொல்லாது. களிப்பாறை அடுக்குகளில் அலை செங்குத்தாகப் போவதைவிடக் கிடையாக வேகமாகப் போகும். சாய்ந்து வரும் அலைகளை வைத்துக் கணக்கிட்ட வேகம் அதனால் கூடுதலாக வரும். எதிரொலி எல்லாம் தட்டையாக விழுந்திருக்கும், படமும் அழகாக இருக்கும், ஆழம் மட்டும் தப்பாக இருக்கும். நானே ஒருமுறை தட்டையாக விழுந்ததை நம்பி மாதிரியை ஒப்படைத்தேன். கிணற்று அளவு வந்தபோது அடுக்கு நான் சொன்னதைவிட மேலே இருந்தது. அன்றிலிருந்து கிணற்று அளவை முதல் சுற்றிலேயே உள்ளே கொண்டுவந்துவிடுகிறேன்.

ஆகவே யாராவது எஃப்.டபிள்யூ.ஐ. செய்து தாருங்கள் என்று வந்தால் நான் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள். பதிவில் 4 ஹெர்ட்ஸ் பக்கம் நம்பும்படியான அலை இருக்கிறதா? கருவிகள் எத்தனை கிலோமீட்டர் வரை நீண்டிருந்தன? இரண்டுக்கும் நல்ல பதில் இருந்தாலும் தொடக்க மாதிரியை டோமோகிராஃபியில்தான் செய்வேன். பதில் இல்லையென்றால் அந்தப் பணத்தை இன்னும் இரண்டு சுற்று டோமோகிராஃபிக்குக் கொடுங்கள் என்பேன்.