"மேடம், அந்த ஃபைல் மறுபடி அனுப்ப முடியுமா?" – ஏழு வருடப் பயன்பாட்டு அனுபவம்

போன மாதம் என் போனின் மதர்போர்டு போய்விட்டது. சரிசெய்து கொடுத்தவர் நல்ல மனிதர். "நம்பர் எல்லாம் வந்துடுச்சு மேடம், போட்டோதான் பாதி" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் கையில் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் மாணவ ஆசிரியர்களோடு வைத்திருக்கும் குரூப்பைத் திறந்தேன். எழுத்தில் இருந்ததெல்லாம் அப்படியே இருந்தது. படம், வாய்ஸ் மெசேஜ், பி.டி.எஃப். என்று எதைத் தொட்டாலும் ஒரே பதில்: இந்தக் கோப்பு இப்போது கிடைக்காது, அனுப்பியவரிடம் மறுபடி கேளுங்கள். அனுப்பியவர்களில் பலர் நம்பரையே மாற்றிவிட்டார்கள்.

அதே வாரம், வேறொரு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தோழி கேட்டாள்: "நீ ஏழு வருஷமா குரூப்பும் வச்சிருக்க, மூடிலும் வச்சிருக்க. நான் எதை ஆரம்பிக்கட்டும்?" கேட்ட நேரம் சரியில்லை. இதைப் படிப்பவர்கள் அந்தக் கோபத்தைக் கொஞ்சம் கழித்துக்கொண்டு படிக்கவும்.

என் ஏற்பாடு இதுதான். அறிவியல் கற்பித்தல் முறை எடுக்கும் பிரிவுக்கு ஒரு குரூப். படித்து முடித்துப் போனவர்களும் விரும்பினால் அதிலேயே தொடரலாம். ஏழு வருடத்தில் நான் எடுத்த ஒரே உருப்படியான முடிவு அது. இன்னொரு பக்கம், கல்லூரி சர்வரில் ஒரு மூடில் தளம், அதாவது பாடக் கோப்புகளையும் கேள்வி பதிலையும் இணையத்தில் வைத்துக்கொள்ளும் மென்பொருள். அலகு வாரியாக, தலைப்பு வாரியாக, நான் ராத்திரி கண்விழித்து அடுக்கி வைத்தது.

முதலில் குரூப்பின் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் திட்ட ஆரம்பித்தால் நியாயமாக இருக்காது.

இரண்டு வருடத்துக்கு முன் கற்பித்தல் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது, ஒரு மாணவி ராத்திரி ஒன்பதரைக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டாள். குரல் அடங்கியிருந்தது. "இன்னைக்கு ஒரு பையன், நிலா தேயறது பூமியோட நிழல் விழறதாலயான்னு கேட்டான். ஆமான்னு சொல்லிட்டேன். சரிதானே?" நான் பதில் டைப் செய்ய ஆரம்பிப்பதற்குள், நான்கு வருடத்துக்கு முன் படித்துப்போய் இப்போது பள்ளியில் வேலை பார்க்கும் ஒருவர் திருப்பிக் கேட்டார்: "சாயங்காலம் அரைநிலா தெரியறப்போ சூரியனும் வானத்துலதானே இருக்கு? பூமியோட நிழல் எப்படி நிலா மேல போய் விழும்?"

கொஞ்ச நேரம் குரூப்பில் சத்தமே இல்லை. அப்புறம் அவரே சொன்னார். அறையை இருட்டாக்கி ஒரு பக்கம் மட்டும் விளக்கு வை. ஒரு பந்தைக் கையை நீட்டிப் பிடி. உன் தலைதான் பூமி. விளக்கைப் பார்த்து நின்றால் பந்தின் இருட்டுப் பக்கம்தான் உனக்குத் தெரியும், அது அமாவாசை. அப்படியே இடப்பக்கமாக மெல்லத் திரும்பு. பிறை வரும், பாதி வரும், விளக்குக்கு முதுகைக் காட்டும்போது முழுசாகத் தெரியும். "பந்து தலைக்குக் கொஞ்சம் மேல இருக்கணும். இறக்கிப் பிடிச்சா உன் தலை நிழல் அது மேல விழும். அதுதான் கிரகணம். பையன் சொன்னது அதைத்தான்."

அன்று ராத்திரியே மூன்று பேர் வீட்டில் செய்து பார்த்துப் படம் போட்டார்கள். ஒருத்தி பந்து கிடைக்காமல் நூல்கண்டை வைத்துச் செய்திருந்தாள். மறுநாள் அந்த மாணவி வகுப்பில் போய், "நேற்று நான் சொன்னது தப்பு, வாங்க பார்க்கலாம்" என்று சொல்லி எல்லாப் பிள்ளைகளையும் சுற்ற விட்டிருக்கிறாள். பாடம் தெரிவது ஒன்று, அதைப் பிள்ளைக்குப் புரியவைக்கத் தெரிவது இன்னொன்று, இரண்டும் கலந்த ஓர் அறிவு ஆசிரியருக்கென்றே உண்டு என்று கல்வி ஆய்வாளர் லீ ஷுல்மன் 1986இல் எழுதியதை நான் வருடா வருடம் பலகையில் எழுதிப் போட்டு நடத்துகிறேன். ஒரு வருடமாவது இப்படிப் புரியவைத்ததில்லை.

சரி. இப்போது அந்த உரையாடல் எங்கே?

அதுதான் போயிற்று. எழுத்து இருக்கிறது, ஆனால் முக்கியமானதெல்லாம் குரலிலும் படத்திலும் இருந்தது. "ஆமாம்ல!", "செம", "நூல்கண்டு சூப்பர்" என்று மிச்சம் இருக்கும் வரிகளைப் புது மாணவர்களுக்குக் காட்டினால் அவர்களுக்கு என்ன விளங்கும்? அன்றைக்கே எடுத்து மூடிலில் போட்டிருக்கலாம். போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை போடலாம் என்று நினைத்தேன். இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகள் ஓடிவிட்டன.

போன் கெட்டது ஒரு சாக்குதான். போன் நன்றாக இருந்த காலத்திலும் இந்தக் குரூப்பில் ஒன்றைத் தேடி எடுக்க முடியாது. தேடும் வசதி உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அனுப்பியவர் கோப்புக்குப் பெயரே வைக்காமல் அனுப்பினால் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவது? பாடத்திட்டக் குறிப்பு ஒவ்வொன்றும் "ஸ்கேன் 0012", "புதியது இறுதி 2" என்ற பெயரில்தான் வரும். அதன்மேல் நாற்பது "நன்றி" விழும். அப்புறம் யாருக்கோ பிறந்தநாள். கேக் படம், பூங்கொத்து, ஸ்டிக்கர். மறுநாள் காலையில் ஒருவர் வருவார்: "மேடம், அந்த ஃபைல் மறுபடி அனுப்ப முடியுமா?" அடுத்து "எனக்கும்". அடுத்து "எனக்கும் மேடம்". ஒளிச்சேர்க்கைப் பாடத்திட்டம் ஒன்றை ஒரே பருவத்தில் ஒன்பது முறை அனுப்பியிருக்கிறேன். ஒன்பதாவது முறை அனுப்பும்போது, மூன்றாவது முறை வாங்கியவரே மறுபடி கேட்டிருந்தார்.

தொழில்நுட்பம், பாடம், கற்பிக்கும் முறை என்று மூன்று வட்டம் போட்டு, மூன்றும் சேரும் இடத்தில்தான் ஆசிரியரின் திறமை இருக்கிறது என்று கல்வி ஆய்வாளர்கள் மிஷ்ராவும் கோலரும் 2006இல் ஒரு படம் கொடுத்தார்கள். தேர்வில் நிச்சயம் வரும் என்பதால் எல்லா மாணவர்களும் அழகாக வரைவார்கள். வாங்கிய கோப்பைப் பெயர் மாற்றிச் சேமித்து வைப்பது அந்த மூன்று வட்டத்தில் எதில் வருகிறதோ, எனக்குத் தெரியவில்லை.

"மூடில் இருக்கிறதே, அதில் போட வேண்டியதுதானே?" என்றாள் தோழி. போட்டேன். பெர்த்தில் இருந்த மார்ட்டின் டூகியாமஸ் ஆரம்பித்து 2002இல் முதல் பதிப்பாக வெளிவந்த அந்த இலவச மென்பொருளைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. போட்ட இடத்தில் போட்டது இருக்கும். கேள்விக்குக் கீழே அதன் பதில் மட்டும் நிற்கும், பூங்கொத்து நடுவில் வராது. நான்கு வருடத்துக்கு முன் வைத்த நுண்ணிலைக் கற்பித்தல் (சில நிமிடம் மட்டும் பாடம் எடுத்துப் பழகும் பயிற்சி) மதிப்பீட்டுப் படிவத்தை இன்றைக்கும் அரை நிமிடத்தில் எடுத்துவிடுவேன். நல்ல பீரோ.

பீரோவுக்குள் யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை, அவ்வளவுதான். விவாதப் பகுதியில் ஒரு கேள்வி வைத்து மதிப்பெண் உண்டு என்றால் மொத்த வகுப்பும் வரும். மதிப்பெண் இல்லை என்றால் ஈ காக்கை வராது. வந்து எழுதுவதும் எப்படி? "இக்கருத்து மாணவர்களின் கற்றல் அடைவினை மேம்படுத்துவதில் பெரும்பங்கு வகிக்கிறது." குரூப்பில் "தப்பா சொல்லிட்டேன்" என்று கலங்கிய அதே பெண்தான் இங்கே இப்படி எழுதுகிறாள். பெயருக்குப் பக்கத்தில் தேதியோடு பதிவாகும் இடத்தில் எவராவது தன் தவறை ஒப்புக்கொள்வாரா? குரூப்பில் வாய் திறக்கிறார்கள் என்றால், நாளைக்கு அது மேலே போய் மறைந்துவிடும் என்ற தைரியத்தில்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இது சரியாக இருந்தால் நான் ஏழு வருடமாகத் திட்டிக்கொண்டிருப்பது அதன் பலத்தைத்தான். இப்போதைக்கு அதை யோசிக்கிற மனநிலையில் நான் இல்லை.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் வளங்களைப் பற்றிச் சுருக்கமாக. திறந்த கல்வி வளங்கள் என்ற பெயர் 2002இல் யுனெஸ்கோ கூட்டிய கூட்டத்தில் பிறந்தது. அன்றிலிருந்து இன்றுவரை குவிந்திருப்பதைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. அதில் எனக்குச் சலிக்காதது ஒன்றே ஒன்று: அறிவியல் சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கும் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் தளம், இயற்பியலில் நோபல் பரிசு வாங்கிய கார்ல் வீமன் தொடங்கியது. மின்சுற்றுப் பகுதியில் பேட்டரியின் இரு முனையையும் வெறும் கம்பியால் இணைத்தால் திரையில் தீப்பிடிக்கும். மாணவ ஆசிரியர்கள் எல்லாரும் முதலில் செய்வது அதைத்தான். பள்ளிப் பிள்ளைகளும் அதைத்தான். இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாத வகுப்பிலும் ஓடும்.

மற்றபடி, தரவிறக்கிய பாடத்திட்டத்தை அப்படியே ஒப்பிப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது. ஐம்பது பேர் வகுப்பில் நின்றுகொண்டு, "இருபத்து நான்கு மாணவர்களை ஆறு குழுக்களாகப் பிரிக்கவும்" என்ற குறிப்பைக் கையில் வைத்திருந்த மாணவரைப் பின்பெஞ்சிலிருந்து பார்த்திருக்கிறேன். மாற்றி எழுதுவதற்குத்தானே திறந்த உரிமம்! ஒரு வளத்தை எப்படியெல்லாம் பயன்படுத்தலாம் என்று காட்டும் கிரியேட்டிவ் காமன்ஸ் குறியில் மாற்றியதைப் பகிரக் கூடாது என்ற வகையும் உண்டு, அதைப் பார்த்து எடுங்கள் என்று சொல்லிக் கொடுக்கிறேன். குறியைப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். மாற்றத்தான் மனம் வரவில்லை.

ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் விட்டால் தோழிக்குத் துரோகம். ஒருமுறை ஒரு மாணவர், பயிற்சிப் பள்ளியில் ஒரு பிள்ளை எழுதிய விடைத்தாளைப் படமெடுத்துச் சிரிப்புக் குறியோடு குரூப்பில் போட்டார். மேலே பிள்ளையின் பெயரும் வகுப்பும் தெளிவாக இருந்தது. ஐந்து நிமிடத்தில் பார்த்துவிட்டேன், நீக்கிவிட்டேன். அதற்குள் எத்தனை போனில் இறங்கியிருக்கும்? தானாகவே இறங்கும்படி வைத்திருப்பவர்கள்தான் அதிகம். அந்த மாணவரைத் தனியாக அழைத்து, "உன் மகன் தாளாக இருந்தால்?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். அன்றிலிருந்து பிள்ளைகளின் முகம், பெயர், கையெழுத்து எதுவும் குரூப்பில் கூடாது என்பது விதி. வகுப்பறைப் படம் என்றால் பின்பக்கத்திலிருந்துதான். எனக்கு வேண்டிய கோப்பு இரண்டு நாளில் காணாமல் போகிறது, அந்தத் தாள் மட்டும் யார் போனிலாவது இன்னும் கிடக்கும். இந்த ஒன்றை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

இதையெல்லாம் தோழியிடம் ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு, கடைசியில் சொன்னேன்: மூடிலுக்கு ஐந்துக்கு நாலரை, குரூப்புக்கு ஐந்துக்கு ஒன்றரை. நீ குரூப்பை ஆரம்பி.

"என்னடி இது கணக்கு?" என்றாள். எனக்கும்தான் தெரியவில்லை.

அன்று மாலை, வேறு வழியில்லாமல் குரூப்பிலேயே கேட்டுவைத்தேன்: "நிலா பந்து விஷயம் பேசினோமே, யாரிடமாவது இருக்கிறதா?" வழக்கம்போல "என்கிட்ட இல்லை மேடம்", "எனக்கும் வேணும் மேடம்". ஒரு மணி நேரம் கழித்து ஒரு படம் வந்தது. அனுப்பிய பெண் படித்த காலத்தில் குரூப்பில் ஒரு வார்த்தை எழுதியவள் இல்லை. "நீ பங்கேற்பதே இல்லை" என்று நானே அவளைக் கடிந்துகொண்டு அகமதிப்பீட்டில் மதிப்பெண் குறைத்திருக்கிறேன். ஒரு சமூகத்தின் ஓரத்தில் நின்று கவனிப்பதும் கற்றல்தான் என்று கற்றலை ஆராய்ந்த லேவும் வெங்கரும் 1991இல் சொன்னதை அதே பருவத்தில் வகுப்பில் நடத்தியும் இருக்கிறேன்.

படத்தில் இருந்தது கோடு போட்ட நோட்டின் இரண்டு பக்கம். மேலே தேதி. ஒரு தலை, ஒரு விளக்கு, தலையைச் சுற்றி எட்டுப் பந்து, ஒவ்வொன்றிலும் பென்சிலால் தீட்டிய இருட்டுப் பக்கம். கீழே வாய்ஸ் மெசேஜில் அவர் சொன்னதெல்லாம் வரிக்கு வரி. "பந்து தலைக்கு மேல" என்பதற்கு இரண்டு அடிக்கோடு. ஓரத்தில் சின்னதாக: நூல்கண்டும் போதும். இரண்டு வருடமாகக் குரூப்பில் வந்த நல்லதையெல்லாம் இப்படி எழுதி வைத்திருக்கிறாளாம், மூன்று நோட்டு.

இந்த முறை ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. அந்தப் பக்கங்களை உடனே மூடிலில் ஏற்றி, "நிலவின் பிறைகள் – பந்துச் செய்முறை" என்று பெயர் வைத்து, லிங்கைக் குரூப்பில் போட்டேன். பதினேழு நன்றி. இரண்டு பூங்கொத்து.

காலையில் எழுந்து பார்த்தால்: "மேடம், லாகின் பாஸ்வேர்ட் மறந்துட்டேன். அந்த நோட்டு படத்தை இங்கேயே மறுபடி அனுப்ப முடியுமா?"

அதற்குக் கீழே, "எனக்கும்".