வீட்டில் அடி, உதை: ஈபிஓவா, ஐபிஓவா?

சுங்கை சிப்புட் தோட்டப் பக்கம் அடிக்கடி வரும் கேள்வி இது. மலேசியாவின் 1994 குடும்ப வன்முறைச் சட்டத்தில் இரண்டுமே உண்டு. ஈபிஓ (EPO) அவசரப் பாதுகாப்பு ஆணை, ஐபிஓ (IPO) இடைக்காலப் பாதுகாப்பு ஆணை.

தருபவர்: ஈபிஓவைச் சமூகநல அதிகாரி, ஐபிஓவை மாஜிஸ்திரேட்.

போலீஸ் ரிப்போர்ட்: ஐபிஓவுக்கு வேண்டும். ஈபிஓவுக்கு வேண்டாம், “ரிப்போர்ட் போட்டால் லயம் முழுக்கத் தெரிந்துவிடுமே” என்று தயங்கும் அக்காமாருக்கு இது பெரிய விஷயம்.

வேகம்: ஈபிஓ, விண்ணப்பித்த 2 மணி நேரத்துக்குள்.

காலம்: ஈபிஓ 7 நாள்தான். ஐபிஓ, போலீஸ் விசாரணை முடியும்வரை.

இன்றிரவே ஆபத்தென்றால் ஈபிஓ. வழக்குவரை போக உறுதியென்றால், அந்த 7 நாளுக்குள் ரிப்போர்ட் கொடுத்து ஐபிஓ கேளுங்கள். வயதான பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இவை பொருந்தும். பக்கத்து வீட்டுக்காரர் அடித்தால் இரண்டுமே உதவாது. அதற்குத் தண்டனைச் சட்டம் 323-ஆவது பிரிவு இருக்கிறது.