பழைய வீட்டை வாங்கும் முன் மின் ஆய்வு: ஒரு கட்டணச் சேவை பற்றிய மதிப்பீடு

சென்னையின் தென்புறநகர்களில் முப்பது, நாற்பது ஆண்டுப் பழமையுள்ள தனி வீடு விற்பனைக்கு வந்தால், வில்லங்கச் சான்றிதழையும் மூலப் பத்திரத்தையும் வழக்கறிஞரிடம் காட்டாமல் எவரும் முன்பணம் கொடுப்பதில்லை. சுவருக்குள் ஓடும் ஒயரை மட்டும், விளக்கு எரிகிறது, மின்விசிறி சுழல்கிறது என்ற அளவில் பார்த்துத் திருப்தியடைந்து விடுகிறோம். இதற்கென்றே வாங்குபவர் சார்பில் வீட்டைச் சோதித்து அறிக்கை தரும் தனியார் நிறுவனங்கள் இப்போது இருக்கின்றன. குரோம்பேட்டையில் 1980களில் கட்டப்பட்ட ஒரு வீட்டுக்காக அவற்றுள் ஒன்றின் மின் ஆய்வுச் சேவையைப் பயன்படுத்தினேன்.

வந்த பொறியாளர் முதலில் மெயின் போர்டைத் திறந்தார். பீங்கான் பியூஸ் கேரியர்களை எடுத்துவிட்டு, மின்னோட்டம் அளவை மீறினால் தானாகவே ‘விழுந்து’ மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி. ஸ்விட்சுகளைப் பொருத்தியிருந்ததைத் தரகர் பெருமையாகச் சொல்லியிருந்தார். ஆனால் சமையலறைப் பவர் பிளக்குக்குச் செல்லும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயருக்கு 32 ஆம்பியர் எம்.சி.பி. போடப்பட்டிருந்தது. ஒயர் தாங்கும் அளவைவிடப் பெரிய எம்.சி.பி. போட்டால், அது விழுவதற்கு முன்பே ஒயரின் காப்புறை சூடேறிக் கெட்டுவிடும். அடிக்கடி விழுகிறது என்ற தொல்லைக்குத் தீர்வாக, காரணத்தைத் தேடாமல் பெரியதை மாட்டிவிடும் வழக்கம் நம் ஊரில் மிகப் பரவலானது.

இந்தச் சேவைக்குக் கொடுத்த பணம் எர்த் சோதனையிலேயே எனக்குத் திரும்பிவிட்டது. எல்லா அறைகளிலும் மூன்று துளைப் பிளக் பாயிண்ட் இருந்தது. எர்த் துளையில் ஒயரும் இணைக்கப்பட்டிருந்தது. வழக்கமான எலக்ட்ரீஷியன் இத்துடன் நிறுத்தியிருப்பார். இவரோ பின்புறம் சிமெண்ட் தளத்துக்கு அடியில் மறைந்திருந்த எர்த் குழாயைத் தேடிப்பிடித்து, மண்ணில் முளைகளை அடித்துக் கருவியால் அளந்தார். மின்தடை 46 ஓம் என்று காட்டியது. 230 வோல்ட் மின்சாரம் கீசரின் உலோக உடலில் கசிந்தால், அந்த எர்த் வழியாக அதிகபட்சம் 5 ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது சாதாரண மின்சுமையாகவே தெரியும் என்பதால் விழாது. கீசரின் உடலில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். இத்தகைய வீட்டில் உயிரைக் காப்பது 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. மட்டுமே. அது அந்த வீட்டில் இருந்தது. ஆனால், இன்வெர்ட்டரின் நியூட்ரல் (மின்சாரம் திரும்பும் ஒயர்) மற்ற சுற்றுகளுடன் கலந்திருந்ததால் அடிக்கடி விழுகிறதென்று, யாரோ அதைத் தாண்டி நேரடியாக ஒயர் கொடுத்திருந்தார்கள். அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் கருவி ஒழுங்காக விழுந்தது, மறுபுறம் வீட்டின் விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன.

ஒயரின் காப்புறை எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று அளக்கும் மெகர் சோதனையும் முறையாகவே நடந்தது. மெயினை அணைத்து, சாதனங்களைக் கழற்றி, 500 வோல்ட் நேர்திசை (டி.சி.) மின்னழுத்தத்தில் ஒவ்வொரு சுற்றையும் தனித்தனியே பார்த்தார். மாடிச் சுற்றின் காப்புத் தடை மட்டும் ஒரு மெகோமுக்கும் (பத்து லட்சம் ஓம்) கீழே, அதாவது மிகக் குறைவாக, இருந்தது. ஓதம் ஏறிய மேற்குச் சுவர்தான் காரணம் என்று அவர் கருதினார். எனக்கும் அதுவே சரியெனப்பட்டது.

குறைகளையும் சொல்ல வேண்டும். அறிக்கையின் பெரும்பகுதியை வண்ண வண்ணமான வெப்பப் படங்கள் நிரப்பியிருந்தன. தளர்ந்த இணைப்பைச் சூட்டைக் கொண்டு காட்டிக்கொடுக்கும் நல்ல கருவிதான் வெப்பப் படக்கருவி. ஆனால் மின்சாரம் கணிசமாக ஓடினால்தான் இணைப்பு சூடாகும். குடியிருப்பவர் காலிசெய்த வீட்டில், ஏ.சி.யோ கீசரோ ஓடாத நேரத்தில் எடுத்த படம் எதையும் சொல்லாது. இரண்டு கிலோவாட் ஹீட்டர் ஒன்றைக் கொண்டுவந்து அரை மணி நேரம் ஓடவிட்டுப் படம் எடுத்திருந்தால் அந்தப் பக்கங்களுக்குப் பொருள் இருந்திருக்கும். அத்துடன், மங்கிய ஸ்விட்ச் மூடியும் செயலிழக்கச் செய்யப்பட்ட ஆர்.சி.சி.பி.யும் அறிக்கையில் ஒரே சிவப்பு நிறத்தில், ஒரே வரிசையில் இடம்பெற்றிருந்தன. எதை உடனே சரிசெய்ய வேண்டும், எதற்குச் சுவரை உடைக்க வேண்டியிருக்கும், தோராயச் செலவு என்ன என்பதைத் தொலைபேசியில் கேட்டுத்தான் பெற வேண்டியிருந்தது. விலை பேசும் மேசையில் வாங்குபவருக்குத் தேவைப்படுவது அதுதானே. அனுமதிக்கப்பட்ட மின்சுமை, மின் கட்டண நிலுவை, இணைப்பின் பெயர்மாற்றம் ஆகியவை இந்தச் சேவையில் அடங்கா. மின்வாரிய அலுவலகத்தில் தனியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருவேன். அது முழுவதும் களத்தில் செய்த அளவீடுகளுக்கு. முன்பதிவு செய்யும்போதே எர்த் மின்தடை, மெகர், ஆர்.சி.சி.பி. துண்டிக்கும் நேரம் ஆகிய மூன்றையும் எண்களாகத் தருவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பார்வை ஆய்வு மட்டும் அடங்கிய மலிவான திட்டமும் அவர்களிடம் இருக்கிறது. அதில் அந்த 46 ஓம் தெரிய வந்திருக்காது.