விழுந்த ஜூம் லென்ஸுக்குப் பதில் எது?

ஆனித் தேரோட்ட நெரிசலில் என் 18-55 மி.மீ. ஜூம் லென்ஸ் (18-இல் அகலமாகவும் 55-இல் நெருக்கமாகவும் காட்டுவது) கேமராவோடு தரையில் விழுந்தது. முன்கண்ணாடியில் கீறல்கூட இல்லை. ஆனால் ஜூம் வளையம் 35 மி.மீ.-ஐத் தாண்டும்போது சிக்கியது, படத்தின் இடப்பக்கம் மட்டும் மங்கியது. தட்டையான சுவர் ஒன்றை நேரெதிரே நின்று எடுத்து நான்கு மூலைகளையும் ஒப்பிட்டபோது, உள்ளிருக்கும் கண்ணாடி ஒன்று அச்சிலிருந்து சாய்ந்திருப்பது தெரிந்தது. பழுதுபார்க்கும் கூலி இன்னொரு பழைய லென்ஸின் விலையை நெருங்கியதால், அதே ஜூமை மறுபடி வாங்குவதா, 35 மி.மீ. எஃப் 1.8 பிரைமுக்கு (ஜூம் செய்ய முடியாத, ஒரே குவியத்தூர லென்ஸ்; எஃப் எண் குறையக் குறைய ஒளி புகும் துளை அகலும்) மாறுவதா என்று யோசிக்க வேண்டியதாயிற்று.

பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் வீடுகளில் சன்னல் வெளிச்சம் மட்டுமே இருக்கும். அங்கே, 35 மி.மீ.யில் சுமார் எஃப் 4.5 வரையே திறக்கும் என் ஜூம் 1/15 நொடி ஷட்டர் நேரம் கேட்கும் இடத்தில், எஃப் 1.8 பிரைம் ஏறத்தாழ ஆறு மடங்கு ஒளியை உள்ளே விடுவதால் 1/90 நொடியே போதும். ஜூமில் உள்ள அதிர்வுத் தடுப்பு நம் கை நடுக்கத்தைத் தாங்குமே தவிர, கோரையைச் செருகும் விரலின் வேகத்தை நிறுத்தாது. ஆயினும் 1.8-இல் விரல் துலங்கினால் முகம் மங்கும்; இரண்டும் தெளிவாக வேண்டுமென்று துளையை 2.8-க்குக் குறைத்தால், ஆறு மடங்கு ஆதாயம் இரண்டரை மடங்காகச் சுருங்கிவிடும். அப்போதும் பிரைமே மேல்.

ரத வீதியில் நிலைமை தலைகீழ். கூட்டத்துக்குள் ஓரடி பின்வாங்க முடியாத நிலையில், தேர் முழுவதையும் 18-இலும் வடம் பிடிக்கும் கைகளை 55-இலும் நின்ற இடத்திலிருந்தே எடுக்க ஜூமால்தான் முடியும். முழுஅளவு சென்சாரைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரில் 35 மி.மீ., முழுஅளவில் ஏறத்தாழ 52 மி.மீ. தருவது போன்ற குறுகிய கோணமே தருவதால், அருகில் வந்த தேர் அதில் அடங்காது. கூந்தன்குளத்துப் பறவைகளுக்கோ இரண்டுமே எட்டாது.

உறுதியைப் பொறுத்தவரை, ஜூமின் குழல் நீளும்போதும் சுருங்கும்போதும் காற்றோடு தூசியும் உள்ளே போகும். ராதாபுரம் பக்கத்துத் தேரிக்காட்டில் (செம்மணல் மேட்டுநிலம்) படமெடுப்பவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். நகரும் பாகங்கள் குறைவான பிரைமில், அடிபட்டால் அச்சு விலகக்கூடிய இடங்களும் பெரும்பாலும் குறைவு.

தேர் ஆண்டுக்கு ஒருமுறை. பத்தமடைக்கு நான் மாதந்தோறும் போகிறேன். ஆகவே பிரைமையே வாங்கினேன். அடுத்த ஆனிக்குள் பழைய ஜூம் ஒன்று கிடைத்தால், பணம் கொடுக்கும் முன் அதே சுவர்ச் சோதனையைச் செய்துபார்ப்பேன்.