ஃபெட் ‘சார்ஜஸ் அண்ட் ஃபீல்ட்ஸ்’: மின்புலம் நடத்த எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

மின்புலச் செறிவு (ஓரிடத்தில் மின்விசை எவ்வளவு வலுவானது என்பதன் அளவு) மின்துகளின் மின்னூட்ட அளவுக்கு நேர்விகிதம், தொலைவின் இருமடிக்கு (வர்க்கத்துக்கு) எதிர்விகிதம். பன்னிரண்டாம் வகுப்பில் இதை ஒப்பிக்காத மாணவர் இல்லை. ‘தொலைவு இரண்டு மடங்கானால், அதே செறிவு கிடைக்க மின்துகள் எத்தனை மடங்கு வேண்டும்?’ என்று திருப்பிக் கேட்டால்தான் முழிப்பார்கள். அந்த முழிப்பைத் தெளியவைக்க இந்தச் சிமுலேஷன் போதும்.

கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தின் ஃபெட் திட்டத்தில் உருவானது இது. 2001இல் இயற்பியல் நோபல் பெற்ற கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய திட்டம். இலவசம். பிரவுசரில் அப்படியே ஓடும். கோப்பை ஒரு முறை டவுன்லோடு செய்து வைத்துக்கொண்டால் நெட் இல்லாத வகுப்பறையிலும் ஓடும்.

திறந்தால் கறுப்புப் பலகை. அடியில் ஒரு பெட்டியில் சிவப்பு நிற +1 நானோ கூலூம், நீல நிற −1 நானோ கூலூம் மின்துகள்கள் (கூலூம் மின்னூட்டத்தின் அலகு), புலத்தை அளக்கும் மஞ்சள் உணரி. எதையும் இழுக்கும் முன் ‘வேல்யூஸ்’, ‘கிரிட்’, ‘ஸ்னாப் டு கிரிட்’ மூன்றையும் டிக் செய்துவிடுங்கள். கட்டத்தில் ஒட்டாமல் உணரி 0.97 மீட்டரில் நின்றுவிட்டால் 9 வரவேண்டிய இடத்தில் 9.6 வரும், விதியே தப்போ என்று பையன் சந்தேகப்படுவான்.

இப்போது ஒரு சிவப்பை வைத்து, 1 மீட்டர் தள்ளி உணரியை வையுங்கள். மீட்டருக்கு 9 வோல்ட். முதல் சிவப்பின் மேலேயே இன்னொரு சிவப்பை இறக்கினால் 18, மூன்றாவது விழுந்தால் 27. அம்பு நீள்கிறது, திசை மாறவில்லை. மின்துகளை அப்படியே விட்டு உணரியை 2 மீட்டருக்கு நகர்த்துங்கள்: 27 சட்டென 6.75 ஆகிறது. பழைய 9 வேண்டுமானால் இன்னும் ஒரு சிவப்பு, ஆக மொத்தம் நான்கு. மேலே கேட்ட கேள்விக்கு விடை திரையிலேயே வந்துவிட்டது.

இங்கே ஒரு சிக்கல். ஒன்றின் மேல் ஒன்றாக வைத்த மின்துகள்கள் பார்வைக்கு ஒன்றாகவே தெரியும். எத்தனை அடுக்கினோம் என்று எங்கும் எழுதிக் காட்டாது. எண்ணிக்கை மறந்துபோனால் ஒவ்வொன்றாகப் பெட்டிக்குத் திருப்பி இழுத்துத்தான் எண்ண வேண்டும். மின்துகளின் அளவைக் கூட்டிக் குறைக்க ஒரு ஸ்லைடர் வைத்திருக்கலாம். அரை நானோ கூலூம் வேண்டுமென்றால் வழியே இல்லை.

கூட்டல் நெறியில்தான், அதாவது பல மின்துகள்களின் புலங்கள் திசையையும் சேர்த்துக் கூடும் என்பதில்தான், இது உண்மையாகவே ஜொலிக்கிறது. உணரிக்கு இடப்புறம் 1 மீட்டரில் ஒரு சிவப்பு, கீழே 1 மீட்டரில் ஒரு சிவப்பு. 18 வரும் என்று வகுப்பே சொல்லும். வருவது 12.7, 45 டிகிரி சாய்வில். அடுத்து, 2 மீட்டர் இடைவெளியில் இரண்டு சிவப்பு, நடுவில் உணரி: புலம் சுழி. அதே இடத்தில் மின்னழுத்தமானியைக் கொண்டுபோனால் 18 வோல்ட்! ஒரு சிவப்பை எடுத்துவிட்டு அங்கே நீலத்தை வையுங்கள்: மின்னழுத்தம் சுழி, புலம் மீட்டருக்கு 18 வோல்ட். ஒன்று சுழியானால் மற்றதும் சுழி என்ற நினைப்பு இந்த ஒரு நிமிடத்தோடு ஒழியும். இதற்காகவே இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

பின்னணி முழுக்க நிற்கும் வெள்ளை அம்புகளைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவை எல்லாம் ஒரே நீளம். செறிவைக் காட்டுவது வெளிச்சம். புலம் வலுவான இடத்தில் பளிச்சென்றும், வலுக்குறைந்த இடத்தில் மங்கலாகவும் இருக்கும். ‘டைரக்‌ஷன் ஒன்லி’யைத் தட்டினால் அந்த வேறுபாடும் போய், தூரத்திலும் பக்கத்திலும் ஒரே புலம் போலத் தெரியும். புரொஜெக்டர் மங்கலாக இருந்தால் தட்டாமலேயே இதே குழப்பம். அளவுக்கு உணரியின் சிவப்பு அம்பை மட்டும் நம்புங்கள். அதுவும் மின்துகளுக்கு 10 சென்டிமீட்டர் அருகே போனால் 900. அம்பு பலகையைத் தாண்டி ஓடிவிடும், எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

இணைத்தட்டு மின்தேக்கியை (எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட இரு தட்டுகள்; இடையே சீரான புலம்) இதில் செய்துகாட்ட முயல்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பலகை இருபரிமாணம், கணக்கு முப்பரிமாணக் கூலூம் விதி. நீங்கள் வரிசையாக அடுக்குவது தட்டு அல்ல, கம்பி. அரை மீட்டருக்கு ஒன்றாக 9 சிவப்பை 4 மீட்டர் நீளத்துக்கு வைத்து, நடுவிலிருந்து 1 மீட்டரில் அளந்தால் சுமார் 32.9, 2 மீட்டரில் சுமார் 13.5. முடிவிலாத் தட்டு என்றால் குறையவே கூடாது, முடிவிலாக் கம்பி என்றால் பாதியாக வேண்டும், புள்ளி என்றால் கால்வாசி. கம்பி குட்டையாக இருப்பதால் பாதிக்கும் கால்வாசிக்கும் இடையில் நிற்கிறது. காஸ் விதி நடத்தும்போது இதையே கேள்வியாகக் கொடுக்கலாம்; சீரான புலத்துக்கு உதாரணமாகக் காட்டினால் மாட்டிக்கொள்வீர்கள்.

இல்லாதவையும் உண்டு. புலக்கோடுகள் வரையாது, மின்னழுத்தமானியின் பென்சில் பொத்தான் வரைவது சமமின்னழுத்தக் கோடு. வைத்த மின்துகள் வைத்த இடத்திலேயே நிற்கும், விசையால் நகராது. ஆகவே புலத்தை உண்டாக்கும் மின்துகளையும் விசையை உணரும் மின்துகளையும் பிரித்துக் காட்ட வேண்டியது ஆசிரியர் பாடு. ஊடகமும் மாறாது. தண்ணீரில் புலம் சுமார் எண்பதில் ஒரு பங்காகக் குறைவதைக் கரும்பலகையில்தான் சொல்ல வேண்டும்.

கைபேசியில் ஓடும்தான், ஆனால் இழுக்கும் விரலே எண்ணை மறைத்துவிடும். மவுஸ் உள்ள கணினியோ ஸ்மார்ட் போர்டோ நல்லது. ஒவ்வொரு சோதனைக்கும் முன் கீழே வலது மூலையில் உள்ள ஆரஞ்சு ரீசெட் பொத்தானை அழுத்தினால் பழைய மின்துகள்கள் போய்விடும். கூடவே டிக் செய்த மூன்றும் போய்விடும், மறுபடி போட்டுக்கொள்ளுங்கள்.